தலைக்கு நேர் மேலே சனி: சிங்கப்பூரில் முதன்முறை பார்ப்பவர்களுக்கு

சிங்கப்பூரில் வானம் பார்க்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது, "இத்தனை விளக்கு வெளிச்சத்தில் என்ன தெரியப் போகிறது?" என்பதுதான். பால்வீதிக்கும் மங்கலான விண்முகில்களுக்கும் அந்தக் கவலை நியாயமானது. சனிக்கு அது பொருந்தாது. தெருவிளக்கின் கீழே நின்றாலும் சனி வெறுங்கண்ணுக்குத் தெரியும். சிறிய தொலைநோக்கி இருந்தால் வளையமும் தெரியும்.

இன்னும் சொன்னால், சனியைப் பார்க்க இந்தத் தீவு நல்ல இடம். அடுத்த சில ஆண்டுகளுக்கு சனி விண்ணின் நடுக்கோட்டுக்கு, அதாவது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோட்டுக்கு, அருகிலேயே உலவுகிறது. நாம் 1.3 டிகிரி வட அகலக்கோட்டில் இருப்பதால் அது ஏறக்குறைய நம் உச்சந்தலைக்கு மேலேயே கடந்து போகும். 2026ஆம் ஆண்டு சனி லண்டனில் எவ்வளவு உயர ஏறினாலும் 40 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். கோள் தாழ இருந்தால் அதன் ஒளி தடித்த காற்றைத் துளைத்து வரவேண்டும். உருவம் கொதிநீரின் அடியில் கிடக்கும் காசுபோல் நெளியும். உச்சியில் இருந்தால் நடுவே இருக்கும் காற்று மிகக் குறைவு. நடு அகலக்கோட்டு நாடுகளைப் படுத்தும், உயரே வேகமாக ஓடும் ஜெட் காற்றோட்டமும் நம் தலைக்கு மேலே ஓடுவதில்லை. ஆகவே இங்கே சனி பார்ப்பவரின் தொல்லை வெளிச்சம் அல்ல. மேகம், ஈரம், கான்கிரீட்டின் சூடு, அந்த உச்சந்தலை நிலை ஆகியவைதான். இவற்றை எப்படிச் சமாளிப்பது என்பதைத்தான் கீழே விரிவாகப் பார்க்கிறோம்.

எந்த மாதம், எத்தனை மணிக்கு

சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கத்தில் சனி வரும் நாளை எதிர்நிலை என்பார்கள். அன்று சூரியன் மறையும்போது சனி உதிக்கும். ஆண்டில் அது நமக்கு மிக அருகில் இருப்பதும் அப்போதுதான். 2026இல் அக்டோபர் 4, 2027இல் அக்டோபர் 18, 2028இல் அக்டோபர் 30. ஆண்டுக்குச் சுமார் இரண்டு வாரம் தள்ளிப்போகும். சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29 ஆண்டுகளுக்கு மேல் ஆவதால் பின்னணி விண்மீன்களுக்கிடையே அது மெதுவாகத்தான் நகர்கிறது. மந்தன் என்ற பெயரும், ராசிக்கு இரண்டரை ஆண்டு என்ற கணக்கும், மூன்று ராசிக்கு ஏழரை என்பதும் இந்த நடையிலிருந்து வந்தவையே.

எதிர்நிலை அன்று மாலை 7 மணிக்குச் சற்று முன்பு சனி கிழக்கே உதிக்கும். நிலநடுக்கோட்டருகே எதுவும் சாய்வாக ஏறாது, செங்குத்தாகவே ஏறும். மணிக்கு 15 டிகிரி. ஆக 9 மணிக்கு 30 டிகிரி, 10 மணிக்கு 45 டிகிரி, நள்ளிரவு தாண்டி 12.50 வாக்கில் உச்சி. நள்ளிரவிலேயே உச்சிக்கு வராததற்குக் காரணம் நம் கடிகாரம்தான். 103.8 டிகிரி கிழக்கில் இருக்கும் ஊருக்குப் பொருத்தமான நேரம் கிரீனிச்சைவிட ஏறத்தாழ 7 மணி கூடுதல். 1982 ஜனவரி 1 முதல் நாம் 8 மணி கூடுதலாக வைத்திருக்கிறோம். வெளிநாட்டு வழிகாட்டிகளில் "நள்ளிரவில் உச்சி" என்று படித்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

வேலைக்கும் பள்ளிக்கும் போகிறவர்கள் எதிர்நிலை நாளைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியதில்லை. சனி நாளுக்கு 4 நிமிடம், மாதத்துக்கு 2 மணி நேரம் முன்னதாக உதித்துக்கொண்டே வரும். 2026 தீபாவளி நவம்பர் 8. அன்று இரவு 8 மணிக்கே சனி 50 டிகிரிக்கு மேல் நிற்கும். அமாவாசையை ஒட்டிய நாள் என்பதால் நிலவொளியும் இருக்காது. பலகாரத் தட்டோடு உறவினர்கள் வந்திருக்கும் வேளையில் தொலைநோக்கியைக் கீழே இறக்கி வைக்க இதைவிட நல்ல நாள் அமையாது. நவம்பர் கடைசியில், பள்ளி விடுமுறைக் காலத்தில், இரவு 9 மணி வாக்கில் உச்சி. ஜனவரியில் இருட்டியதும் மேற்கு வானில் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் சூரிய ஒளியில் மறைந்துவிடும்.

மழை பற்றி. அக்டோபர், நவம்பர் இடைப்பருவத்தில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் கொட்டும். அது சீக்கிரம் தீர்ந்த நாள்களில் இரவு வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். அந்த இரவுகளை விடாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் மூடிவிடும். ஜூலை, ஆகஸ்ட்டில் விடியலுக்கு முன் பார்க்க எழுகிறவர்கள் சுமத்ரா சூறைக்காற்றை மனத்தில் வைக்க வேண்டும்; தெளிவாக இருந்த வானத்தில் அரை மணி நேரத்தில் மழைச்சுவர் வந்து நிற்கும். லேசான புகைமூட்டம் இருந்தால் சனியைப் பார்க்கலாம், அதன் நிலவுகளைப் பார்க்க முடியாது. மூச்சுக்குக் கெடுதலான அளவில் இருந்தால் வெளியே நிற்கவே வேண்டாம். இடி கேட்டால் திறந்தவெளியில் உலோக முக்காலியோடு நிற்காதீர்கள், உடனே உள்ளே போய்விடுங்கள்.

எங்கே நிற்பது

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கின் பொது நடைபாதையில் பார்க்க முடியுமா? முடியும், ஆனால் நேரம் குறைவு. சனி உச்சிக்குப் போவதால் மேல்மாடித் தளம் அதை மறைத்துவிடும். கிழக்கு பார்த்த நடைபாதையானால் உதித்த ஒன்றரை மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரம் வரை. மேற்கு பார்த்ததானால் மறைவதற்கு முன் அதே அளவு. நடுவே எதிர் புளோக் இருந்தால் அதுவும் கிடைக்காது. குளிர்சாதனத்தின் வெளிப்பெட்டி கீழ்வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் அதன் சூடு நேரே உங்கள் பார்வைப் பாதையில் எழும்பும். மூடிய சன்னல் கண்ணாடி வழியாகப் பார்ப்பது பயனற்றது. அந்தக் கண்ணாடி பார்வைக்கருவிக்காகத் தீட்டப்பட்டதல்ல, வளையம் இரண்டு மூன்றாகத் தெரியும்.

பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் திறந்த மேல்தளம் நல்ல தேர்வு. முழு வானமும் கிடைக்கும். ஆனால் பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் இரவு 10 மணி வரை சூட்டைக் கக்கும், உருவம் அலைபாயும். மாலையில் மழை பெய்து தளம் குளிர்ந்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை. புல்தரை எப்போதும் கான்கிரீட்டைவிட மேல். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலைப் பார்த்த பக்கம், மரினா அணைக்கட்டின் புல் கூரை ஆகிய இரண்டும் வசதியான இடங்கள். நேரடி விளக்கொளி கண்ணில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கறுப்புத் துணி ஒன்றைத் தலைமேல் போட்டுக்கொண்டாலே போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். தொலைநோக்கி எந்த வீட்டுச் சன்னலை நோக்கியும் திரும்பி நிற்கக்கூடாது, ஒரு நிமிடம்கூட. அக்கம்பக்கத்தார் கவலைப்படுவது இயல்பு. யாராவது வந்து கேட்டால், கண்வில்லையில் (கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு வில்லை) சனியைக் காட்டிவிடுங்கள். அடுத்தது கொசு மருந்து: டெங்கி உள்ள ஊரில் அது வேண்டும்தான், ஆனால் தொலைநோக்கிக்கு அருகே தெளிக்காதீர்கள். வில்லையில் படலம் படியும். அதிலுள்ள வேதிப்பொருள் பிளாஸ்டிக் பாகங்களையும் அரிக்கும். வீட்டிலேயே பூசி, கையைக் கழுவிவிட்டு வாருங்கள்.

எந்தக் கருவி

10×50 இருகண் நோக்கியில் சனி நீள்வட்டமாகத் தெரியும், அதற்கு மேல் இல்லை. வளையம் வளையமாகத் தெரியக் குறைந்தது 25 முதல் 30 மடங்கு உருப்பெருக்கமும் அசையாத தாங்கியும் வேண்டும். 60, 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வில்லைத் தொலைநோக்கி அதைச் செய்துவிடும். கலீலியோ 1610இல் ஏறத்தாழ 20 மடங்கில் பார்த்தபோது கோளின் இரண்டு பக்கமும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல்தான் அவருக்குத் தெரிந்தது. அது கோளைத் தொடாமல் சுற்றியிருக்கும் வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் விளக்கி வெளியிட்டது 1659இல்.

இங்குள்ள வீடுகளுக்கு நாம் பரிந்துரைப்பது 127 மில்லிமீட்டர் மக்சுடோவ், அதாவது முன்னே வில்லையும் பின்னே கண்ணாடியும் கொண்ட குட்டையான தொலைநோக்கி. முதுகுப்பையில் அடங்கும், மின்தூக்கியில் ஒரு கையால் கொண்டு போகலாம், 1500 மில்லிமீட்டர் குவியத் தொலைவு கோள்களுக்கென்றே அமைந்தது. இடமும் தூக்க ஆளும் இருந்தால் 200 மில்லிமீட்டர் டாப்சோனியன் (எளிய பெட்டித் தாங்கியில் நிற்கும் பெரிய கண்ணாடித் தொலைநோக்கி) அதைவிட நிறையக் காட்டும், நிலவுகளில் குறிப்பாக. பெரியது வாங்கிக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பதைவிடச் சிறியது வாங்கி வாரம் இருமுறை எடுப்பது நல்லது. "525 மடங்கு" என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் பொம்மைக் கருவிகளை ஒதுக்கிவிடுங்கள். பயனுள்ள உருப்பெருக்கத்துக்கு எல்லை உண்டு: வாயின் விட்டம் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதன் இரண்டு மடங்கு. 60 மில்லிமீட்டர் கருவிக்கு 120தான் வரம்பு.

தாங்கியில்தான் சிங்கப்பூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். நடுக்கோட்டுத் தாங்கி என்ற வகை வேறு நாடுகளில் நல்லது. அதன் அச்சு விண்ணின் வடதுருவத்தை நோக்க வேண்டும். நமக்கு அந்தத் துருவம் தொடுவானத்திலேயே கிடக்கிறது, துருவ விண்மீன் கண்ணில் படாது. அச்சைத் தரைக்கு இணையாகப் படுக்க வைக்க வேண்டும்; பல தாங்கிகள் அவ்வளவு தாழ இறங்குவதில்லை, இறங்கினாலும் எதிர்எடைத் தண்டு முக்காலியில் இடிக்கும். புதியவர்கள் மேல்-கீழ், இட-வலம் திரும்பும் எளிய தாங்கியையே எடுங்கள்.

அந்த எளிய தாங்கிக்கும் இங்கே ஒரு சிக்கல் உண்டு. கோள் உச்சந்தலைக்கு வந்ததும் குழாய் செங்குத்தாக நிற்கும். இட-வலம் தள்ளினால் குழாய் தன்னைத்தானே சுற்றுமே தவிர வானத்தில் நகராது. மோட்டார்த் தாங்கியும் அந்த இடத்தில் திணறும். 75 டிகிரிக்கு மேல் போகவிடாதீர்கள் என்பதே வழி. நம் வானில் அது உச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும். அந்த இரண்டு மணி நேரத்தில் கோப்பி குடியுங்கள், குறிப்பு எழுதுங்கள். 40 முதல் 75 டிகிரி வரை பார்ப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கிறது, அதுவே தாராளம்.

முதல் இரவு, படிப்படியாக

முதல் படி அந்தி வெளிச்சம் இருக்கும்போதே. ஃபைண்டர் எனப்படும் சிறு வழிகாட்டிக் குழாயும் பெரிய குழாயும் ஒரே இடத்தைப் பார்க்கவேண்டும். ஒரு கிலோமீட்டராவது தள்ளியிருக்கும் பாரந்தூக்கியின் உச்சி விளக்கைப் பெரிய குழாயில் 25 மில்லிமீட்டர் கண்வில்லையால் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருகி அதன் குறியையும் அதே விளக்கில் வையுங்கள். சூரியன் முழுக்க மறைந்த பிறகே இதைச் செய்யுங்கள். சூரியன் ஒரு நொடி குழாயில் பட்டாலும் கண் போய்விடும். சனியைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தப் படியைச் செய்யாமல் விட்டவர்கள்.

இரண்டாம் படி, கருவியைச் சூடேற விடுவது. குளிர்நாட்டுக் குறிப்புகளில் "கருவியைக் குளிரவிடுங்கள்" என்றிருக்கும். இங்கே குளிர்சாதன அறையிலிருந்து 27 டிகிரி ஈரக்காற்றுக்குக் கொண்டுவந்தால் வில்லை முழுக்க நீர் பூத்துவிடும். மூடியைக் கழற்றாமல், பையைத் திறக்காமல், 30 முதல் 45 நிமிடம் வெளியே வையுங்கள். அதன் பிறகு திறங்கள். நீர் பூத்துவிட்டால் துடைக்கவே கூடாது, கீறல் விழும்; முடியுலர்த்தியின் மிதச் சூட்டில் தள்ளி நின்று காட்டுங்கள். மக்சுடோவின் முன்கண்ணாடி வானத்தைப் பார்த்தபடியே இருப்பதால் இரவு ஏற ஏறப் பனி பிடிக்கும். முகாம் பாயை வெட்டிச் சுருட்டி, குழாய் அகலத்தின் ஒன்றரை மடங்கு நீளத்துக்கு முன்னால் தொப்பிபோல் மாட்டினால் மணிக்கணக்கில் தாங்கும்.

மோட்டாரோடு தானே தேடும் தாங்கி வைத்திருந்தால் அதில் இடம், நேரம், தேதி கொடுக்கவேண்டும். நேர மண்டலம் கூட்டல் 8, கோடைக்கால நேரம் இல்லை. பல கருவிகள் தேதியை மாதம், நாள், ஆண்டு என்ற வரிசையில் கேட்கும். அக்டோபர் 4ஐ நாம் பழக்கத்தில் 04/10 என்று அடித்தால் கருவி ஏப்ரல் 10 என்று எடுத்துக்கொண்டு சனியை நிலத்துக்கடியில் தேடும்.

சனியை வெறுங்கண்ணால் அடையாளம் காண்பது எளிது. இப்போது அது மீனத்தை ஒட்டிய பகுதியில் இருக்கிறது. அங்கே பிரகாசமான விண்மீன்கள் கிடையாது. பூரட்டாதியும் உத்திரட்டாதியும் சேர்ந்து அமைக்கும் பெரிய சதுரத்துக்குத் தென்கிழக்கே, மங்கிய மஞ்சள் நிறத்தில், மினுக்காமல் நிலையாக ஒளிரும் புள்ளி அதுதான்.

கண்வில்லையில் குறைந்த உருப்பெருக்கத்தோடு தொடங்குங்கள். மக்சுடோவில் 25 மில்லிமீட்டர் போட்டால், குவியத் தொலைவான 1500ஐ 25ஆல் வகுக்க 60 மடங்கு. இப்போது குவியம். பிரதிபலிப்புத் தொலைநோக்கியில் குவியம் தவறியிருந்தால் சனி நடுவே கறுப்புத் துளையுள்ள வடைபோல் தெரியும். அதுவே வளையம் என்று மகிழ்ந்துவிடுவோர் உண்டு. அது கருவியின் உள்ளே இருக்கும் சிறு கண்ணாடியின் நிழல். குமிழைத் திருப்பத் திருப்ப அந்த வடை சிறுத்து, சுருங்கி, மிகச் சிறியதாகும் இடமே சரியான குவியம். அப்போது திடீரென்று உண்மையான வளையம் கண்ணுக்கு வரும்.

முதல் பார்வையில் "இவ்வளவு சின்னதா?" என்று தோன்றலாம். கணக்குப் பார்த்தால் அது சின்னதல்ல. வளையத்தின் அகலம் எதிர்நிலையில் 44 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3,600 வில்விநாடி), அதாவது சிங்கப்பூரின் ஒரு டாலர் நாணயத்தை 115 மீட்டர் தள்ளி வைத்த அளவு. 40 மடங்கில் அது வெறுங்கண்ணுக்கு நிலா தெரியும் அகலத்தை எட்டும். 120 மடங்கில் மூன்று நிலா அகலம். கண்தான் பழகவில்லை. ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். உட்கார்ந்து பார்ப்பவருக்கு நின்று குனிபவரைவிட அதிகம் தெரியும். பத்து நிமிடம் கண்ணை எடுக்காதீர்கள். காற்று அலையும், அலையும், பிறகு இரண்டு நொடி நின்று தெளியும். அந்த இரண்டு நொடிக்காகத்தான் காத்திருப்பது.

பிறகு 10 மில்லிமீட்டர் போட்டு 150க்கு ஏறுங்கள். உருவம் பெரிதாகியும் புதிதாக எதுவும் தெரியவில்லை, ஓரம் மட்டும் குழைகிறது என்றால் அன்றைய காற்றுக்கு அதுதான் எல்லை, ஒரு படி இறங்கிவிடுங்கள். மோட்டார் இல்லாத தாங்கியில், சாதாரணக் கண்வில்லையில், 150 மடங்கில் சனி பார்வைப்புலத்தைக் கடக்க ஒன்றேகால் நிமிடம் ஆகும். ஒவ்வொரு முறையும் நடுவில் வைக்காமல் கிழக்கு ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள்; ஆட்டம் அடங்குவதற்குள் அது நடுவுக்கு வந்திருக்கும்.

என்ன தெரியும், எந்த ஆண்டில்

படங்களில் படுத்திருக்கும் வளையம் உங்கள் கண்ணுக்கு நிமிர்ந்து நிற்கும். கருவியில் கோளாறு இல்லை. சனியின் வளையம் கிட்டத்தட்டக் கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது. நம் ஊரில் கிழக்கு வானில் கிழக்கு மேற்கு என்பது மேலும் கீழும்தான். மேற்கே இறங்கும்போதும் அப்படியே. டாப்சோனியனில் கண்வில்லை பக்கவாட்டில் இருப்பதால் எந்தக் கோணத்திலும் சாய்ந்து தெரியலாம்.

சனியின் அச்சு 26.7 டிகிரி சாய்ந்திருப்பதால் வளையம் நமக்குத் திறந்தும் மூடியும் தெரிகிறது. 2025 மார்ச் 23 அன்று பூமி வளையத்தின் தளத்தைக் கடந்தது. அப்போது வளையம் விளிம்பு மட்டுமாகி மறைந்தது. 2.7 லட்சம் கிலோமீட்டர் குறுக்களவுள்ள வளையம் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர்தான் தடிப்பு என்பதால் அப்படி. இப்போது தெற்கு முகம் மெல்லத் திறக்கிறது. 2026 எதிர்நிலையில் ஏழெட்டு டிகிரி. வளையம் கோளைக் குத்திய ஊசிபோல் ஒல்லியாக இருக்கும். 2027இல் 13 டிகிரியை ஒட்டி. 2032இல் முழுத் திறப்பு. அன்று வளையத்தின் குறுகிய பக்கத்து அளவே கோளின் உயரத்தைத் தாண்டும். இந்த ஆண்டு தொடங்குகிறவர் ஆண்டுக்கு ஒரு படம் வரைந்து வைத்தால் வளையம் விரிவதைத் தன் கையெழுத்திலேயே பார்க்கலாம்.

வளையத்தை இரண்டாகப் பிரிக்கும் காசினி இடைவெளியை இந்த ஆண்டு எதிர்பார்த்து ஏமாறாதீர்கள். 1675இல் கண்டறியப்பட்ட அந்தக் கரிய கோடு 4,800 கிலோமீட்டர் அகலம். நமக்கு அது 0.8 வில்விநாடி. வளையம் ஒல்லியாக இருக்கும்போது இரு முனைகளிலும் மட்டுமே, காற்று அசையாத இரவில், 150 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கருவியில் தட்டுப்படும். 2028க்குப் பிறகு 100 மில்லிமீட்டரிலும் எளிதாகும். இப்போது தேட வேண்டியவை வேறு. கோளின் குறுக்கே வளையத்தின் நிழல் மெல்லிய கறுப்புக் கோடாக விழுந்திருக்கும். எதிர்நிலைக்கு மூன்று மாதம் முன்போ பின்போ பார்த்தால் கோளின் நிழல் வளையத்தின் ஒரு பக்கத்தைக் கடித்ததுபோல் வெட்டியிருக்கும். கோள் உருண்டையாக இல்லாமல் துருவங்களில் பத்தில் ஒரு பங்கு அமுங்கியிருப்பதையும் கவனியுங்கள்; 10.6 மணி நேரத்தில் தன்னைச் சுற்றிக்கொள்ளும் வாயு உருண்டை அப்படித்தான் பிதுங்கும். எதிர்நிலையை ஒட்டிய சில நாள்களில் வளையம் கோளைவிடப் பளிச்சென்று ஆவதையும் பார்க்கலாம். அப்போது வளையத் துகள்கள் தம் நிழலைத் தமக்குப் பின்னாலேயே மறைத்துவிடுகின்றன.

கைப்பேசியில் படம் எடுக்கக் கண்வில்லையோடு பிணைக்கும் பிடி வேண்டும். கையால் பிடித்தால் வராது. திரையில் சனியை அழுத்திக் குவியத்தையும் வெளிச்சத்தையும் பூட்டி, வெளிச்சத்தை நன்றாகக் குறைத்து, ஒரு நிமிடக் காணொளி எடுங்கள். அதிலிருந்து தெளிவான படச்சட்டங்களை மட்டும் பொறுக்கி அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் போன்ற இலவச மென்பொருள் மிச்சத்தைச் செய்யும்.

நிலவுகள்

2025 மார்ச்சில் 128 புதிய நிலவுகள் ஒரே தடவையாக ஏற்கப்பட்டதால் சனியின் நிலவுகள் 274 ஆயின. நமக்கு எட்டுவது ஆறேழு. அவற்றைப் பிடிக்க வளையத்தின் நீளத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பொலிவெண் கூடக் கூட மங்கல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

டைட்டன் முதலில். பொலிவெண் 8.4, எந்தத் தொலைநோக்கியிலும் தெரியும். கோளின் நடுவிலிருந்து அதிகபட்சம் நான்கரை வளைய நீளம் விலகும். சுற்று 16 நாள். அருகில் தெரியும் பின்னணி விண்மீனை டைட்டன் என்று நம்பிவிடுவது வழக்கமான பிழை. மறுநாளும் அது சனியோடு கூடவே வந்திருந்தால்தான் டைட்டன். ஸ்டெல்லேரியம் என்ற வான வரைபடச் செயலியில் இடத்தைச் சிங்கப்பூர் என்று வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் மக்சுடோவில் முகக்கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியும், டாப்சோனியனில் தலைகீழாகவும் தெரியும். குழம்பினால் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கோள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்: ஓடும் பக்கம் மேற்கு. சனி கிட்டத்தட்டத் தன் வளையத்தின் நீளவாக்கிலேயே ஓடும் என்பது கூடுதல் வசதி.

ரியா 9.7; இரண்டு வளைய நீளத்துக்குள், நாலரை நாள் சுற்று. 100 மில்லிமீட்டர் போதும். டெத்திஸும் டயோனியும் 10.3ஐ ஒட்டியவை, ஒன்று வளைய முனைக்கு அரை நீளம் வெளியே, மற்றது இன்னும் சற்றுத் தள்ளி. 127 மில்லிமீட்டரில், நகர வானிலும், 120 மடங்குக்கு மேல் போனால் பின்னணி கறுத்து இவை தோன்றும். என்செலடஸ் 11.7, வளைய முனையை ஒட்டியே இருப்பதால் சனியின் ஒளியில் மூழ்கிவிடும். 200 மில்லிமீட்டர் கருவியில், சனியைப் பார்வைப்புலத்தின் ஓரத்துக்கு வெளியே தள்ளி மறைத்துவிட்டு, முனைக்கருகே தேடுங்கள். வளையம் ஒல்லியாக இருக்கும் 2026, 2027இல் இதற்கு வாய்ப்பு அதிகம். மைமாஸை விட்டுவிடலாம்.

தனியாக நேரம் ஒதுக்க வேண்டியது ஐயாபெட்டஸ். 79 நாளில் ஒரு சுற்று; 13 வளைய நீளம் வரை விலகுவதால் எங்கோ ஒதுங்கி, விண்மீன்களோடு விண்மீனாகக் கிடக்கும். அதன் ஒரு பாதி பனிபோல் வெளுப்பு, மறுபாதி கரிபோல் கறுப்பு. சனிக்கு மேற்கே இருக்கும்போது வெளுத்த பாதி நம்மைப் பார்க்கும், பொலிவெண் 10.2, கிழக்கே போனதும் கறுத்த பாதி திரும்பி 12ஐ நெருங்கிவிடும். 1671இல் இதைக் கண்டறிந்த வானியலாளர் காசினிக்கு முதலில் மேற்கில் மட்டுமே தெரிந்தது, கிழக்கில் காணவில்லை. முகத்தின் இரு பாதியும் வேறு நிறம் என்று அதிலிருந்தே அவர் ஊகித்தார். 127 மில்லிமீட்டர் கருவியோடு ஒரு மாடியில் நின்று அதே சோதனையைச் செய்யலாம். செயலியில் ஐயாபெட்டஸ் மேற்கு எல்லையை எட்டும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று டெத்திஸோடு ஒப்பிட்டால் இரண்டும் சமமாக இருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை, அதே கண்வில்லையில், தேதி, நேரம், டெத்திஸைவிட எவ்வளவு மங்கல் என்று எழுதிவாருங்கள். மழையால் இரண்டு முறை தவறினாலும் பரவாயில்லை. நாற்பதாம் நாள் வாக்கில் கிழக்கே அது இருக்க வேண்டிய இடத்தில் எதுவும் தெரியாது. அந்த இடத்தை வட்டமிட்டு "இல்லை" என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரவு முடிந்ததும் ஈரத்தோடு பெட்டியில் அடைக்காதீர்கள். மூடிகளைத் திறந்து மின்விசிறிக் காற்றில் உலரவிட்டு, பிறகு ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் வையுங்கள். பெட்டி இல்லாவிட்டால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும், நிறம் மாறியதும் மாற்றப்படும் சிலிக்கா ஜெல்லும். இந்த ஊர் ஈரத்தில் அலமாரியில் விட்ட வில்லையில் சில மாதத்திலேயே பூஞ்சை நூல்போல் ஓடத் தொடங்கும், பூச்சை அரித்துவிட்டால் திரும்ப வராது. கண்வில்லைகளையும் அதே பெட்டியில் வைக்க மறக்காதீர்கள். முதலில் பூஞ்சை பிடிப்பது கண்ணின் ஈரம் படும் அவற்றில்தான்.